பக்கத்தில் யார் இருந்தார்கள்?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இளம் பிள்ளைகள். மரியாதை தெரிந்தவர்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மக்களிடம் பேசி எழுதும் ஆய்வுகளின் தரத்தை அளக்க ஓர் அட்டவணை தயார் செய்திருக்கிறார்களாம். ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டிப் பார்த்தால் அந்த ஆய்வு தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். "அக்கா, நீங்க காலமெல்லாம் பேட்டித் தாளா படிச்சுத் தள்ளினவங்க. இதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள்.

பார்த்தேன். நடுவில் ஒரு வரி: "அதே நபரிடம் வேறொருவர் மறுபடி கேட்டபோது அதே பதில் கிடைத்ததா?" ஆம் என்றால் முழு மதிப்பெண், இல்லை என்றால் பூஜ்யம்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கும் அன்றைக்குத் தெரிந்தது. முன்பு எங்கள் அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். சொல்லி முடித்ததும், "இதை எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. படித்து முடித்ததும் சோப்பு, டீத்தூள் கம்பெனிகளுக்காக வீடு வீடாகப் போய்க் கட்டங்களில் டிக் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். வெயிலில் நடக்கவும், முகத்தில் கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்குப் போகவும் அங்கேதான் பழகினேன். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தச் சமூக ஆய்வு நிறுவனம் ராயபுரத்தில் ஒரு கிளை திறந்தபோது களப்பணிக்குச் சேர்ந்து, பிறகு மேற்பார்வையாளர் ஆனேன். களப்பணியாளர்கள் எழுதி வரும் பேட்டிகளைப் படித்து, எது தேறும் எது தேறாது என்று சொல்வது என் வேலை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பயிற்சி வகுப்பு இல்லை. தேவசகாயம் சார்.

அவர் கிளைக்குப் பொறுப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தண்டையார்பேட்டையில் அவர் அப்பாவுக்கு இரும்புக்கடை இருந்தது. இங்கேயே வளர்ந்தும் அவர் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது. குரலை உயர்த்த மாட்டார். எனக்கும் சேர்த்து அவர் அமைதியாக இருந்தார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

அவர் ஒரு பேட்டியைப் படிக்கும் விதமே தனி. பதில்களை ஒரு பழைய காலண்டர் அட்டையால் மூடிவிடுவார். முதலில் கேள்விகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை படிப்பார். "கேள்வி ஒழுங்கா இல்லன்னா பதிலப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்பார். களப்பணியாளர், எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டிருந்தால் அவருக்குப் பிடிக்காது. எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் அடுத்த கேள்வி மாறியிருக்க வேண்டும் அல்லவா? மாறவில்லை என்றால் வாங்கவில்லை என்று அர்த்தம். பிறகு அட்டையை எடுத்துவிட்டுப் பதில்களைப் படிப்பார். அதற்கும் பிறகு எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார். எங்கே உட்கார்ந்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், நடுவில் யார் வந்தார்கள், நீ என்ன தப்புச் செய்தாய். கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் இல்லை சார்" என்றால் தாள் திரும்பி வந்துவிடும்.

ஒருவர் வியாசர்பாடிக் குடியிருப்பில் எடுத்த பேட்டிகளைக் கொண்டுவந்தார். குடும்பத்தில் நடக்கும் சண்டை பற்றிய ஆய்வு அது. பேட்டிகள் படிக்க அவ்வளவு நன்றாக இருந்தன. ஒவ்வொரு பெண்ணும் மேடையில் பேசுவது போலப் பத்தி பத்தியாகப் பேசியிருந்தாள். நான் தேறும் என்று குறித்து அனுப்பினேன். சார் அவரைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இத்தன வீட்டுக்குப் போயிருக்கிய. ஒரு வீட்லகூட பிள்ள அழலியா? ஒரு குக்கர் விசில் அடிக்கலியா?"

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். தன் அறையில் உட்கார்ந்து எழுதியவை அவை. "கேக்க வெக்கமா இருந்துச்சு சார். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்" என்றார். இந்த ஆள் இன்றோடு காலி என்று நினைத்தேன். சார் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. "வெக்கமா இருந்துச்சு, திரும்பிட்டேன்னு எழுதியிருந்தீயன்னா அது ஒண்ணாவது உண்மையா இருந்திருக்கும்" என்று சொல்லி, ஒரு பெண் களப்பணியாளருடன் அவரை மறுபடி அனுப்பினார். அவர் பிறகு நல்ல வேலைக்காரர் ஆனார்.

இப்போது மல்லிகா விஷயத்துக்கு வருகிறேன்.

மல்லிகா திருவொற்றியூர்ப் பெண். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கி இடுப்பு விட்டுப்போய் வீட்டில் இருந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை.

காத்திவாக்கம் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைகள் இருந்தன. பெண்கள் காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிப்பார்கள். விரல் நுனி ஊறி, தோல் உரிந்து, புண்ணாகும். ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்கு ரப்பர் கையுறை கொடுத்தது. யாரும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். பதில் சரியாக வராவிட்டால் கையுறை கொடுப்பதை நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

கொட்டகையில் பெண்களை வேலைக்கு வைப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரியம்மா. அந்த ஊரில் யார் வீடு எங்கே என்று எங்களுக்குக் காட்ட ஒருத்தி வேண்டும். மேஸ்திரியம்மாவின் தங்கச்சி முன்வந்தாள். மல்லிகா முதல் நாள் அவளோடு போனாள். எல்லோரும், "கை வேர்க்குது, வழுக்குது" என்றார்கள். மல்லிகா அதோடு விடவில்லை. வழி தெரிந்த பிறகு தங்கச்சியை விட்டுவிட்டு, வேலை முடிந்து பெண்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் தனியாகப் போனாள். அப்போது வேறு பதில் வந்தது.

கொட்டகைச் சரக்கு வெளிநாட்டுக்குப் போவது. புண் உள்ள கை இறாலைத் தொடக்கூடாது. கையில் புண் தெரிந்தால் மேஸ்திரியம்மா ஆறும்வரை வராதே என்று அனுப்பிவிடுவாள். ஆறுவதற்குள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் பெண்கள் புண்ணை மறைத்தார்கள். கையுறை போட்டால் என்ன அர்த்தம்? இவளுக்குப் புண் இருக்கிறது என்று அர்த்தம். புண் இல்லாதவள் ஏன் போடப்போகிறாள்? எனவே புண் உள்ளவளும் போடவில்லை.

இதை மல்லிகா எழுதிக்கொண்டு வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த வேலை என்று தோன்றியது.

ஆனால் ஒலிப்பதிவு இல்லை. டேப்பைப் பார்த்ததுமே, "அத உள்ள வெச்சிட்டுப் பேசறதுன்னா பேசு" என்று அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஒலிப்பதிவு இல்லாத பேட்டியைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போய் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பாஸ்கரன் என்று ஓர் அதிகாரி போனார். சரிபார்க்கப் போகிறவர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்ற விதிப்படி மேஸ்திரியம்மாவின் தங்கச்சியையே கூட்டிக்கொண்டு போனார். பெண்களைத் தெருமுனைக்கு வரவழைத்து, மல்லிகா கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார். ஒருத்தி விடாமல் மறுத்துவிட்டார்கள். கை வேர்க்கிறது, அவ்வளவுதான், வேறு எதுவும் நாங்கள் சொல்லவில்லை.

பாஸ்கரன் அறிக்கை எழுதிவிட்டார். பேட்டிகள் புனையப்பட்டவை. தலைமை அலுவலகம் மல்லிகாவை நிறுத்திவிடச் சொன்னது. சார், வாரக் கடைசிவரை எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

மல்லிகாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். நானும் இருந்தேன்.

"சார், நான் பொய் எழுதல சார்" என்று ஆரம்பித்தாள்.

"அத நான் கேக்கலியேம்மா. எங்க உக்காந்த?"

"வாசப்படில சார். அந்தக்கா அடுப்பாண்ட இருந்தாங்க."

"மொதல்ல என்ன கேட்ட?"

"கிளவுஸ் ஏன் போட்றதில்லன்னு."

"என்ன சொன்னா?"

"கை வேர்க்குதுன்னாங்க."

"அதத்தானே பாஸ்கரனும் எழுதியிருக்காரு?"

"ஆமா சார். தனியா போனப்பவும் எடுத்த எடுப்புல அதான் சொன்னாங்க."

"அப்புறம் நீ என்ன தப்பு செஞ்ச?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சத்தம் ஓயும்வரை சார் காத்திருந்தார்.

"எங்க, கையக் காட்டுங்கக்கான்னு கேட்டுட்டேன் சார். பட்டுனு முந்தானைக்குள்ள வெச்சிக்கினாங்க. மூஞ்சே மாறிப்போச்சு. எனக்கு பேஜாராப் பூடுச்சு. சாரிக்கான்னேன். அடுப்பாண்ட திரும்பிக்கினாங்க. கெளம்பலாம்னு எழுந்தா, அவங்க கோழி என் பைக்குள்ள தலைய வுட்டுகினு வெளிய எடுக்கத் தெரியாம கத்துது. பைய தூக்கினு அது வூட்ட சுத்தி ஓடுது. நானும் அந்தக்காவும் அது பின்னாடி ஓடறோம். புடிச்சதும் அவங்களுக்கு அப்டியொரு சிரிப்பு. அப்பதான் சார், கோழியப் புடிச்ச கை எனக்குத் தெரிஞ்சிச்சு. நான் பாத்தத அவங்களும் பாத்துட்டாங்க. 'உக்காருடி'ன்னாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத ஏன் தாள்ல எழுதல?"

"கோழியெல்லாமா சார் எழுதறது?"

"கோழியத்தான் எழுதணும்" என்றார்.

அவள் போனதும் நான் குதித்தேன். "சார், நான் இப்பவே காத்திவாக்கம் போறேன். அந்தப் பொம்பளைங்கள நிக்கவெச்சுக் கேக்கறேன். இவ வயித்துல அடிச்சிட்டு அவங்க நிம்மதியா இருப்பாங்களா?"

"போயி?"

"சொன்னீங்களா இல்லியான்னு கேப்பேன்."

"சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, அது காகிதத்துல ஏறும். மேஸ்திரி காதுக்குப் போகும். அவ வேல போயிரும். சொல்லலன்னா மல்லிகா வேல போயிரும். யார் வேலய எடுத்துட்டு வரப் போறிய, குணா?"

அவர் கேட்டது சரி. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. பெயர் போட மாட்டோம், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சொல்லித்தான் மல்லிகா அவர்களிடம் பேசினாள். நாங்கள்தான் ஜீப்பில் ஆளை அனுப்பி, மேஸ்திரி வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, "சொன்னாயா" என்று கேட்டோம். ஏதோ திருட்டு கேஸ் விசாரிப்பது போல.

ஆனாலும் நான் போனேன். கேட்கக்கூடாது என்று சாரிடம் ஒப்புக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் போய், நடந்து, கோழி உள்ள வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே, ஒர்த்தர் பின்னாடி ஒர்த்தரா வந்துகினே கீறீங்க? எங்க வூடு இன்னா பொருட்காட்சியா?" என்றாள்.

"டிக்கெட்டு எவ்ளோன்னு சொல்லு. எடுத்துகினு உள்ள வர்றேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எந்த ஏரியா?"

"ராயபுரம்."

"அதான் பார்த்தேன். உக்காரு."

உட்கார்ந்தேன். அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வழியில்லை. நானும் கொஞ்சம் நெத்திலியை எடுத்துத் தலை கிள்ளினேன். தண்ணி லாரி வராதது, மருமகன் குடிப்பது, முகத்துவாரக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போனது என்று அவளாகப் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று, "அந்த மல்லிகா பொண்ணு எங்க? அத்த ஏன் அனுப்பல?" என்றாள்.

நான் பேசவில்லை. பொய் சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் நான் கேட்டுவிடுவேன் என்று எனக்கே பயம்.

அவள் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது.

"தோ பாரு" என்றாள். "நா யாராண்டயும் ஒண்ணும் சொல்லல. ஜீப்பு ஐயாவாண்டயும் சொல்லல, இப்ப உன்னாண்டயும் சொல்லல. அத்த தெரிஞ்சிக்கோ. ஆனா அந்தப் பொண்ணு பொய் எயுதற பொண்ணு இல்ல."

அலுவலகத்துக்கு ஓடிவந்து சாரிடம் சொன்னேன். இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்றேன். "நீங்க கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. எதை அனுப்ப?" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து அவர் சொல்வதுதான் சரி என்று புரிந்தது. அந்த வார்த்தை எனக்கும் சாருக்கும் தெளிவு தர வந்தது. காகிதத்துக்கு வந்தது இல்லை.

வாரக் கடைசியில் பாஸ்கரன் வந்தார். நல்ல மனிதர். வம்பு பிடித்தவர் இல்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்துவிட்டுப் போகிறவர். சார் அவருக்குக் காப்பி வரவழைத்தார்.

"மல்லிகாட்ட கேட்டத உங்ககிட்டயும் கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டியளே?"

"கேளுங்க சார்."

"எங்க உக்காந்திய?"

"உக்காரல சார். ஜீப்புல சாஞ்சு நின்னேன். அவங்கள வரச் சொன்னேன்."

"பக்கத்துல யாரு?"

"வழிகாட்டிப் பொண்ணு. வழிகாட்டி இல்லாம போகக்கூடாதுன்னு விதியில இருக்கே சார்?"

"இருக்கு. அந்தப் பொம்பளைங்க எப்படி நின்னாங்க?"

"எப்படின்னா... சாதாரணமாத்தான்."

"கை எங்க இருந்துச்சு?"

பாஸ்கரன் காப்பியைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். காப்பியைக் கீழே வைத்தார். தன் இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிப் பார்த்தார். விரல்கள் அக்குளுக்குள் போயின. கட்டிய கைகளைக் குனிந்து பார்த்தார்.

"ஒருத்தி விரல்கூட வெளியில இல்ல சார்" என்றார். "நான் மரியாதைன்னு நெனச்சேன்."

எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுத அவருடைய தாளில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

தன் அறிக்கையை அவரே திருத்தினார். வழிகாட்டி யாருக்கு உறவு, அவள் எங்கே நின்றாள், பெண்கள் எப்படி நின்றார்கள் என்று எல்லாம் எழுதினார். புனையப்பட்டவை என்ற வார்த்தையை எடுத்தார். வழிகாட்டி இருந்தபோது ஒரு பதில், இல்லாதபோது வேறு பதில், இரண்டும் ஆய்வில் இருக்கவேண்டும், அந்த வித்தியாசமே விஷயத்தைச் சொல்கிறது என்று சார் மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகம் முணுமுணுத்தது. பாஸ்கரனே மாற்றி எழுதிய பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மல்லிகாவின் வேலை தப்பியது.

அதோடு முடியவில்லை. அறிக்கை அச்சுக்குப் போகுமுன் சார் மல்லிகாவின் பேட்டியிலேயே மிக நல்ல பகுதியை அடித்து நீக்கினார். புண்ணை மறைக்க அந்தக் கோழிக்காரப் பெண் தினமும் காலையில் ஒன்று செய்வாள். கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அவள் ஒருத்திதான் அப்படிச் செய்வாள். அச்சில் வந்தால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அது என்ன என்று நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. மல்லிகா அழுதாள். "அது போனா என்ன சார் மிச்சம்?" என்றாள். "அவ மிச்சம்" என்றார் சார். ஊர்ப் பெயர், கொட்டகை அடையாளம் எல்லாம் போயின. இன்று அந்தக் கொட்டகைகளே இல்லை, அதனால்தான் இங்கே ஊரைச் சொன்னேன். அறிக்கை மொட்டையாக இருக்கிறது, தரம் பத்தாது என்று மேலே யாரோ குறை எழுதினார்கள். என் கணக்கில் எங்கள் கிளை செய்த மிக நல்ல ஆய்வு அதுதான்.

பரிந்துரை ஒரே வரி. கையுறையைப் புண் உள்ளவர்களுக்கு என்று கொடுக்காதீர்கள். மேஸ்திரி உட்பட உள்ளே வரும் எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். தொண்டு நிறுவனம் கொட்டகைக்காரர்களோடு பேசியது. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. புண் வருவது நின்றுவிடவில்லை. கையுறை போட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், கேட்ட இடங்களில் நின்றது.

பிறகு ஒரு நாள் வேறு வேலையாக நானும் மல்லிகாவும் அந்தப் பக்கம் போயிருந்தோம். பஸ்ஸுக்கு நின்றபோது கொட்டகை விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சிலர் கையுறையைக் கழற்றாமலே வந்தார்கள். நடுவில் அந்தப் பெண். எங்கள் இருவரையும் நேராகப் பார்த்தாள். மல்லிகாவைக் கம்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்தவளோடு பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் ஏறியது. "இன்னாடி இது, அவளுக்காக நீ வேலையே போய் நிக்கப் பார்த்த. ஒரு சிரிப்பு சிரிச்சா கொறஞ்சா பூடுவா?"

"சும்மா இருங்கக்கா" என்று மல்லிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அவங்க பக்கத்துல வர்றது மேஸ்திரி தங்கச்சி. நம்மகிட்ட பேசினது இன்னும் யாருக்கும் தெரியல."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. தேர்வில் முதலாவதாக வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.